கொல்லை மாமரமும் நோய் விசாரணையும்

கொல்லைப்புறத்தில் இரண்டு தலைமுறைக்கு நிழலும் வடுவும் கனியும் கொடுத்து நின்ற மாமரத்தின் அடிமரத்தில், ஒரு முழ அகலத்துக்குப் பட்டை விண்டு தொங்குவதையும், கைபட்டவுடன் அது பொத்தென்று கீழே விழுந்து உள்ளே சாம்பல் நிறத்தில் உலர்ந்த மரம் வெளிப்படுவதையும் காணும் வீட்டுக்காரர், பெரும்பாலும் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்கிறார். அச்சம் மிக்கவராயின், மரம் வெட்டும் ஆளை வரவழைத்து விலை பேசுகிறார். மரத்தின்மீது அபிமானம் மிக்கவராயின், சாணியையும் செம்மண்ணையும் குழைத்து அப்புகிறார், அல்லது பூச்சு வேலைக்கு வந்த கொத்தனாரிடம் சொல்லி, மிஞ்சிய சிமெண்டுக் கலவையால் அந்த இடத்தை அடைத்துவிடுகிறார். ஒன்றுக்கொன்று நேர்மாறாகத் தோன்றும் இவ்விரு காரியங்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. என்ன நேர்ந்தது என்று விசாரிப்பதற்கு முன்பே தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது.

பட்டை உதிர்வது நோயன்று. முன்பே நிகழ்ந்து முடிந்த ஏதோ ஒரு சம்பவத்தின் அடையாளம். உள்ளே உயிர் போன அன்றே பட்டை விழுந்துவிடுவதில்லை. இறந்த பட்டையானது, மரத்தோடு ஒட்டியபடியே ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும், சில வேளைகளில் அதற்கு மேலும் நின்று, உலர்ந்து சுருங்கி, விளிம்பில் வெடிப்பு விட்டு, அதன் பிறகே கழன்று வீழ்கிறது. ஆகவே இன்று விழுந்த பட்டைக்கு நேற்று அடித்த மருந்தையோ இந்த ஆண்டு வெயிலையோ காரணமாகச் சொல்வது பெரும்பாலும் பொருந்தாது. சென்ற ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டும் அந்த மரத்தைச் சுற்றி என்னென்ன நடந்தன என்று வீட்டாரை நினைவுபடுத்திச் சொல்லச் சொல்வதே விசாரணையின் முதற்படி.

இதன் காரணம் விளங்க வேண்டுமானால், அடிமரத்தின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். புறத்தே கரடுமுரடாகத் தெரியும் மேற்பட்டை, இறந்துபோன கார்க்குத் திசுக்களால் ஆனது. நீர் வற்றாமலும், பூச்சியும் பூசணமும் நுழையாமலும் காப்பதே அதன் தொழில். அதற்கு அடியில், ஈரமும் உயிரும் உள்ள உட்பட்டை இருக்கிறது. இலைகளில் தயாராகும் சர்க்கரை வேர்களுக்கு இறங்கிச் செல்லும் பாதை இதுவே. உட்பட்டைக்கும் மரத்துக்கும் இடையில், தனியாகக் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு மெல்லியதாக, கேம்பியம் என்னும் வளர்படை ஒன்று அடிமரம் முழுவதையும் சுற்றி அமைந்திருக்கிறது. உள்நோக்கி மரத்தையும் வெளிநோக்கிப் பட்டையையும் ஓயாது சிருஷ்டித்து, மரத்தைப் பருக்கச் செய்வது அதுதான். அதற்கு உட்புறம், வேர் உறிஞ்சிய நீரை உச்சிக்கு ஏற்றும் வெளிறு. அதற்கும் உள்ளே, உயிர்த்தொழில் நின்றுபோய், மரத்தைத் தாங்குவதை மாத்திரம் தன் கடமையாகக் கொண்ட வைரம்.

பட்டையை வளையமாக உரித்தால் என்ன ஆகும் என்பதை, 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய விஞ்ஞானியான மார்செல்லோ மால்பிகி பரிசோதித்துக் காட்டினார். உரித்த வளையத்துக்கு மேற்புறம் உள்ள பட்டை வீங்கிப் பருத்தது. கீழ்ப்புறம் வளர்ச்சி குன்றியது. மேலேயிருந்து இறங்கும் உணவு அந்த இடத்தில் தடைபட்டு நின்றுவிட்டதே இதற்குக் காரணம். காய்க்காத மரத்தை அரிவாளால் நாலு கொத்துக் கொத்தினால் காய்க்கும் என்று நம் கிராமங்களில் நிலவும் வழக்கத்திலும் இந்த உண்மையின் சாயை சிறிது இருக்கிறது. உணவு கிளைகளிலேயே தங்குவதால் ஓரிரு ஆண்டுகள் பூ மிகலாம். ஆனால் அந்தப் பூவுக்கு விலை கொடுப்பது வேர். பட்டை இழந்த பக்கத்து வேர்கள் சர்க்கரை வரத்து நின்று, தாம் சேமித்து வைத்திருந்த மாவுச்சத்தைச் செலவிட்டுச் சிறிது காலம் தாக்குப்பிடித்து, பின்பு நலிகின்றன. வேர் நலிந்ததும் நீர் வரத்துக் குறைகிறது. நீர் குறைந்ததும் உச்சிக் கொப்புகள் நுனியிலிருந்து காய்கின்றன. அடியில் நேர்ந்த தீங்கு உச்சியில் தெரிய இவ்வாறு ஆண்டுகள் பிடிப்பதால், காரணத்தையும் காரியத்தையும் தொடர்புபடுத்திப் பார்க்க வீட்டாருக்குத் தோன்றுவதில்லை.

பட்டை உதிர்வதெல்லாம் தீமையின் லட்சணம் என்று கொள்ளவும் கூடாது. கொய்யாவும் மருதமும் தைல மரமும் பட்டையைச் செதில் செதிலாகவோ நீண்ட சுருள்களாகவோ கழற்றிவிடுவது அவற்றின் இயற்கை. கொய்யாவின் பழைய தோல் உரிந்த இடத்தில் வழவழப்பான, இளம்பச்சை கலந்த புதுப்பட்டை மினுங்குவதை யாரும் பார்த்திருக்கலாம். மாமரத்தின் மேற்பட்டையும் வயதேற ஏறப் பிளந்து, சிறு சிறு பொருக்குகளாக விழும். விழுந்த பட்டைக்குக் கீழே இருப்பது மற்றொரு பட்டையா, அல்லது நிர்வாணமான மரமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. முன்னதாயின் கவலைக்கு இடமில்லை.

பின்னதாயின், உயிர் எங்கே முடிந்து சாவு எங்கே தொடங்குகிறது என்று எல்லை காண வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கூரிய பேனாக்கத்தி ஒன்று போதும். உரிந்த இடத்தின் ஓரத்திலிருந்து நாலு விரற்கடை தள்ளி, மேற்பட்டையைச் சிறு நகக்கண் அளவுக்கு மாத்திரம் சீவிப் பார்த்தால், உயிருள்ள உட்பட்டை ஈரமாகவும் வெளிர் நிறமாகவும் இருப்பதும், மாமரமாயின் மாவடுவின் காம்பை ஒடித்தாற்போன்ற பிசின் மணம் எழுவதும் தெரியும். இறந்த பட்டையோ, உலர்ந்து பழுப்பேறி நார் நாராகப் பிரியும், அல்லது கறுத்து ஈரமாகப் புளித்த நாற்றம் வீசும். மரத்தைச் சுற்றிவந்து பல இடங்களில் இவ்வாறு சோதித்து, உயிருள்ள பட்டையின் எல்லையைச் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டுக்கொண்டே போனால், வெளியே தெரிந்த புண் ஒரு முழமானாலும் உள்ளே இறந்த பகுதி இரண்டு முழம் என்பது சில சமயம் வெளிப்படும். கோடு போட்டபின், தையற்காரர் வைத்திருக்கும் நாடாவால் அடிமரத்தின் சுற்றளவையும், அதே உயரத்தில் இறந்த பட்டையின் அகலத்தையும் அளக்க வேண்டும். சுற்றளவு 200 சென்டிமீட்டர், இறந்த அகலம் 45 சென்டிமீட்டர் என்றால், இழப்பு நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்தகைய மரம் பெரும்பாலும் தேறிவிடும். சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை இறந்திருந்தால் மரத்தின் ஆயுளைப்பற்றி நம்பிக்கை கொள்வதற்கில்லை. புண்ணின் நீளத்தைவிட அகலமே முக்கியம். ஏனெனில் மேலிருந்து கீழே இறங்கும் பாதைகளை வெட்டுவது அகலந்தான்.

அடுத்தபடியாகக் காரணத்தை நாட வேண்டும். காரணங்கள் பல, ஆனால் ஒவ்வொன்றும் தன் கையெழுத்தை விட்டுச் செல்கிறது. பட்டை மேற்குப் பக்கத்திலோ தென்மேற்குப் பக்கத்திலோ மாத்திரம் இறந்திருந்து, அந்தப் பக்கத்துப் பெருங்கிளை ஒன்று அண்மையில் கவாத்து செய்யப்பட்டிருந்தால், அதுவரை நிழலிலேயே வளர்ந்த பட்டையைப் பிற்பகல் வெயில் சுட்டுவிட்டது என்று ஊகிக்கலாம். தரையோடு ஒட்டிய புண்ணில் கரி படிந்திருந்தால், அங்கே சருகு குவித்துக் கொளுத்தியிருக்கிறார்கள். இடுப்பளவு உயரத்தில் வளையமாக அமுங்கியிருந்தால், துணி உலர்த்தக் கட்டிய கம்பியை என்றோ அவிழ்க்க மறந்திருக்கிறார்கள். மரம் பருக்கப் பருக்க அந்தக் கம்பி உட்பட்டையை நெரித்து, மால்பிகி கத்தியால் செய்ததைத் தானே செய்திருக்கிறது. அடிமரம் வேர் நோக்கி விரிந்து இறங்காமல், நட்டுவைத்த கம்பம் போல நேராகத் தரைக்குள் புகுந்திருந்தால், மனையை உயர்த்துவதற்காகக் கொட்டிய மண்ணில் அதன் கழுத்துப் புதைந்திருக்கிறது. காற்றுப் படவேண்டிய பட்டை ஈர மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்து அழுகியிருக்கும். மரத்தைச் சுற்றிக் கட்டிய சிமெண்டுத் திண்ணையும் இதே தீங்கைச் செய்வது.

மாமரத்துக்கே உரிய சத்துருக்கள் இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாவது தண்டு துளைப்பான். ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளமும் உடலைவிட நீண்ட உணர்கொம்புகளும் உள்ள சாம்பல் நிற வண்டு, இரவில் வந்து பட்டையின் கீறல்களில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு, கால்கள் அற்றதாய், வெண்மை நிற உடலும் பழுப்புத் தலையும் கொண்டதாய், உட்பட்டையைத் தின்றுகொண்டே வளர்ந்து, விரற்பருமன் ஆனதும் மரத்துக்குள் சுரங்கம் தோண்டிப் புகுந்து, மாதக்கணக்கில் அங்கேயே வசிக்கிறது. அடிமரத்தில் சிறு துளையும், துளையிலிருந்து கசிந்து கறுத்த சாறும், துளைக்குக் கீழே தரையில் ஈரமான மரச்சக்கையும் எச்சமும் குவிந்திருப்பதும் இதன் அடையாளங்கள். சக்கை புதியதாய், இளம்பழுப்பாய், ஈரமாய் இருந்தால் புழு உள்ளே இருக்கிறது. உலர்ந்து மக்கியிருந்தால் அது வண்டாகிப் போய்விட்டது. இருக்கும் புழுவை, நுனி வளைத்த சைக்கிள் கம்பியைத் துளைக்குள் செலுத்திக் குத்தியெடுப்பது இன்றும் கைகண்ட உபாயம்.

இரண்டாவது, லேசியோடிப்ளோடியா என்னும் பூசணம். வறட்சியிலோ வேர் இழப்பிலோ மரம் சோர்ந்திருக்கும் காலம் பார்த்து, காயங்களின் வழியே இது நுழைகிறது. கொப்புகள் நுனியிலிருந்து பின்னோக்கிக் காய்வதும், காய்ந்த இலைகள் உதிராமல் சுருண்டு தொங்குவதும், பட்டையின் வெடிப்புகளில் பிசின் துளித்துளியாகக் கட்டிநிற்பதும், அந்த இடத்தைச் சீவினால் மரத்தில் பழுப்புக் கோடுகள் ஓடுவதும் இதன் லட்சணங்கள். பிசின் வடிவது நோயினால் மாத்திரம் அன்று. எந்தக் காயத்துக்கும் மாமரம் பிசினால்தான் பதில் சொல்கிறது. ஆதலால் பிசினை மாத்திரம் கண்டு முடிவு கட்டாமல், கொப்புகளையும் உள்மரத்தின் நிறத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கே, நிரபராதி ஒன்றின் சார்பில் ஒரு வார்த்தை. பட்டை உரிந்த மரத்தில் கறையான் மண் ஏற்றியிருப்பதைக் கண்டவுடன், மரத்தைக் கறையான் அரித்துவிட்டது என்று தீர்மானித்து மருந்து வாங்க ஓடுவது வழக்கம். நம் கொல்லைகளில் மண்கூடு கட்டும் கறையான்கள் பெரும்பாலும் இறந்த மேற்பட்டையையும் உலர்ந்த மரத்தையுமே நாடுகின்றன. மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்தால், அதன் கீழே பட்டை முன்பே இறந்திருப்பது தெரியும். கறையான் அங்கே சாட்சியே தவிர, குற்றவாளி அன்று.

இனி, பட்டை போனபின் மரம் அழுகுவதைக் கவனிப்போம். மரம் அழுகுவதால் அதில் காளான் பிறக்கிறது என்றே 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அறிஞர்களும் நம்பியிருந்தார்கள். ஜெர்மானிய விஞ்ஞானியான ராபர்ட் ஹார்ட்டிக் 1870-களில் அழுகிய மரங்களை உருப்பெருக்கியின் கீழ் ஆராய்ந்து, மரத்துக்குள் ஊடுருவியிருக்கும் நுண்ணிய பூசண இழைகளும் மரத்துக்கு வெளியே தட்டுத் தட்டாக நிற்கும் காளானும் ஒரே ஜீவனின் இரண்டு பாகங்கள் என்றும், அந்த இழைகளே அழுகலுக்குக் காரணம் என்றும் நிரூபித்தார். காரணமும் காரியமும் அன்று இடம் மாறின. பட்டை உள்ளவரையில் வெளிறு நீரால் நிரம்பி இருப்பதால், பூசணத்துக்கு வேண்டிய பிராணவாயு அங்கே போதுமான அளவு கிடைப்பதில்லை. பட்டை போனதும் மரம் ஓரளவு உலர்ந்து காற்றுப் புகுகிறது. முற்றும் உலராமலும் முற்றும் நனையாமலும் இருக்கும் அந்த இடைநிலையே பூசணத்துக்கு உகந்தது. மரத்துக்கு உறுதி தரும் செல்லுலோஸ், லிக்னின் என்னும் இரண்டு பொருள்களில், லிக்னினையும் சேர்த்து உண்ணும் பூசணங்கள் மரத்தை வெளிறச்செய்து, பஞ்சும் நாருமாக மென்மைப்படுத்துகின்றன. செல்லுலோஸை மாத்திரம் உண்டு லிக்னினை விட்டுவைப்பவை, மரத்தைப் பழுப்பாக்கி, கனசதுரத் துண்டுகளாக வெடிக்கச் செய்கின்றன. முன்னது வளைந்து, முனகி, எச்சரித்து முறியும். பின்னது எச்சரிக்காமல் ஒடியும். கையில் எடுத்த அழுகல் எவ்வகையது என்று கவனிப்பது, ஆகவே, வெறும் சாஸ்திர ஆர்வம் அன்று.

இந்தத் தாக்குதலை மரம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டியவர், அமெரிக்க வனத்துறையில் பணிபுரிந்த அலெக்ஸ் ஷைகோ. அவருக்கு முன்பிருந்தவர்கள் மரங்களைக் குறுக்கே அறுத்துப் பார்த்தார்கள். அவரோ, விசைவாளைக் கொண்டு ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து, காயம் பட்ட இடத்திலிருந்து அழுகல் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் சென்றது என்று தொடர்ந்து பார்த்தார். 1977-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: மிருகங்களின் உடலில் புண்ணான தசைக்குப் பதில் புதுத்தசை வளர்வதுபோல், மரத்தில் கெட்ட மரத்துக்குப் பதில் நல்ல மரம் வளர்வதில்லை, ஓர் அறையில் தீப்பற்றினால் அந்த அறையைக் கைவிட்டுக் கதவுகளை அடைத்துவிட்டு மற்ற அறைகளில் வாழும் குடும்பத்தைப்போல், மரமும் கெட்ட பகுதியைச் சுவர் வைத்து ஒதுக்கிவிட்டு வாழ்கிறது. சுவர்கள் நான்கு. நீர்க்குழாய்களை மேலும் கீழும் அடைப்பது முதற்சுவர்; இதுவே மிகப் பலவீனமானது; அதனால்தான் அழுகல் அகலத்தைவிட நீளத்தில் விரைவாகப் பரவுகிறது. உள்நோக்கிய பரவலைத் தடுப்பது இரண்டாவது; பக்கவாட்டில் தடுப்பது மூன்றாவது. காயம் பட்டபின் கேம்பியம் புதிதாக உண்டாக்கும் தடுப்புப்படையே நான்காவது; எல்லாவற்றிலும் வலியது. காயம் பட்ட நாளில் இருந்த மரம் முழுவதும் உள்ளே அழுகிப் பொந்தாகிவிட்டாலும், அதன்பின் உண்டான மரம் கெடாமல் நிற்பது இந்த நான்காவது சுவரின் சக்தியால்தான். வைரம் முழுதும் போன புளியமரங்கள் சாலையோரங்களில் ஆண்டுதோறும் காய்த்துக்கொண்டு நிற்பதன் இரகசியமும் இதுவே.

இதை உணர்ந்தால், சாணியும் சிமெண்டும் ஏன் பயன்படுவதில்லை என்பது தானே விளங்கும். மரப்புண்ணுக்குச் சாணி பூசும் வழக்கம் நமக்கு மாத்திரம் சொந்தமானதன்று. இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருடைய தோட்டக்காரராக இருந்த வில்லியம் ஃபோர்சைத், புதுச் சாணம், பழைய கட்டடங்களின் சுண்ணாம்புக் காரை, விறகுச் சாம்பல், மணல் ஆகியவற்றைக் கலந்து செய்த ஒரு பூச்சு, பொந்து விழுந்த மரங்களையும் மீண்டும் திடமாக்கிவிடும் என்று சாதித்தார். போர்க்கப்பல் கட்ட ஓக் மரம் வேண்டியிருந்த அக்காலத்தில், அந்நாட்டு அரசாங்கம் அவருக்கு 1,500 பவுன் வெகுமதி அளித்து அந்த இரகசியத்தை வாங்க, அது 1791-இல் நூலாக வெளிவந்தது. தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற தாவர ஆராய்ச்சியாளர் பின்னர் அதை மறுத்தார். புண்ணின் இரு ஓரங்களிலிருந்தும் புதுமரம் திரண்டு வந்து மூடுவதை வெளியிலிருந்து பார்த்தவர்கள், உள்ளேயும் அவ்வாறே குணமாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டதே அந்தப் புகழுக்குக் காரணம். பூச்சு இல்லாமலும் ஓரங்கள் திரண்டிருக்கும். பூச்சு இருந்தும் உள்ளே கெட்டது கெட்டதே. ஷைகோவும் அவருடைய சகாக்களும், மேப்பிள், எல்ம் மரங்களின் காயங்களில் பலவகைப் பூச்சுகளைப் பூசி, 5 ஆண்டுகள் கழித்துப் பிளந்து பார்த்தபோது, பூசிய காயத்துக்கும் பூசாத காயத்துக்கும் அழுகலில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணவில்லை.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ பசையை விவசாய இலாகாவினர் சிபாரிசு செய்கிறார்களே என்று கேட்கலாம். புதிதாக வெட்டிய கிளையின் முகத்திலும், பிசின் வடியும் இடத்தைச் சீவிச் சுத்தம் செய்த பின்னும், மேற்பரப்பில் வந்து விழும் பூசண வித்துக்கள் முளைக்காமல் தடுக்க அது உதவும். உள்ளே ஆழச் சென்றுவிட்ட அழுகலை அது எட்டுவதில்லை. சிமெண்டோ தீமையே செய்கிறது. காற்றில் மரம் அசையும்போது சிமெண்டு அசைவதில்லை, இரண்டும் உராய்கின்றன, இடையில் நீர் தங்குகிறது. அதைவிடக் கேடானது, பொந்தைச் ‘சுத்தம்’ செய்வதாக எண்ணி, நல்ல மரம் தெரியும்வரை உளியால் செதுக்குவது. அவ்வாறு செதுக்குகிறவர், மரம் தன் சக்தியைச் செலவிட்டுக் கட்டிய சுவரைத் தம் கையாலேயே இடிக்கிறார். கழன்ற பட்டையை மாத்திரம் உயிருள்ள விளிம்புவரை கூரிய கத்தியால் நீக்கி, புண்ணைக் காற்றோட்டமாக விட்டுவிடுவதே தக்கது. உண்மையான சிகிச்சை நடக்க வேண்டிய இடம் புண் அன்று, வேர். கழுத்தை மூடிய மண்ணை அகற்றுவதும், கிளைகளின் நிழல் விழும் வட்டத்தின் விளிம்பில் கோடையில் நீர் பாய்ச்சுவதும், அங்கே சருகை மூடாக்காகப் பரப்புவதும், மரம் தன் சுவர்களைத் தானே கட்டுவதற்கு வேண்டிய சர்க்கரையைத் தரும்.

இனி எஞ்சியிருப்பது, மரம் நிற்குமா விழுமா என்ற கேள்வி. உயிரோடு இருப்பதும் உறுதியாக நிற்பதும் வேறு வேறு. பச்சைப் பசேலென்று தழைத்த மரம் புயலில் சாய்வதும் உண்டு, பாதி காய்ந்த மரம் அசையாமல் நிற்பதும் உண்டு. தச்சரிடம் உள்ள கொட்டாப்புளியை வாங்கி, அடிமரத்தைச் சுற்றிலும், முழத்துக்கு ஒரு முறை, தரையிலிருந்து தலையளவு உயரம்வரை தட்டிக் கேட்க வேண்டும். திடமான மரம் ‘டக்’கென்று குறுகிய ஒலி தரும், பொந்தான இடம் ‘தொம்’மென்று அடங்கி ஒலிக்கும், பட்டை மாத்திரம் கழன்ற இடத்தில் அட்டையைத் தட்டினாற்போன்ற சலசலப்பு எழும். இந்த மூன்றையும் காது பிரித்தறிய, முதலில் திடமான மரம் ஒன்றைத் தட்டிக் கேட்டுப் பழகிக்கொள்வது நலம்.

பொந்து என்று தெரிந்தவுடன் நடுங்க வேண்டியதில்லை. உருண்டையான குழாய் ஒன்றின் வளையாத் திறனை அதன் புறச்சுவரே பெரிதும் தாங்குகிறது. கணக்கிட்டால், விட்டத்தில் சரிபாதி பொந்தானபோதும் அடிமரம் இழக்கும் விறைப்பு ஏறக்குறைய 6 சதவீதமே. பத்தில் ஏழு பங்கு பொந்தானால் 24 சதவீதம். அதற்குமேல் வீழ்ச்சி மிக விரைவு. பத்தில் ஒன்பது பங்கு போனால் இழப்பு 66 சதவீதம். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்து ஆராய்ச்சியாளரான கிளாஸ் மாத்தெக், ஒடிந்த மரங்களையும் ஒடியாத மரங்களையும் ஒப்பிட்டு, எஞ்சிய நல்ல சுவரின் கனம் மரத்தின் ஆரத்தில் பத்தில் மூன்று பங்குக்குக் குறைந்தால் அபாயம் மிகுகிறது என்று ஓர் எல்லை வகுத்தார். முன்பு சொன்ன 200 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மாமரத்துக்கு ஆரம் ஏறக்குறைய 32 சென்டிமீட்டர். ஆகவே சுற்றிலும் 10 சென்டிமீட்டர் கனத்துக்குக் கெடாத மரம் இருக்க வேண்டும். பொந்தின் வாய் திறந்து ஒரு பக்கம் சுவரே இல்லாவிட்டாலும், பொந்து ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தாலும் இந்தக் கணக்குச் செல்லாது, அபாயம் அதிகம். சுவரின் கனத்தை அறிய நிபுணர்கள் நுண்ணிய துளையிடும் கருவியையும், ஒலி மரத்தைக் கடக்கும் வேகத்தை அளக்கும் கருவியையும் கையாளுகிறார்கள். துளையிடுவது நான்காவது சுவரையும் ஊடுருவிச் செல்வதால், அதை வெறும் ஆவலுக்காகச் செய்யலாகாது.

அடிமரத்தைவிட அஞ்ச வேண்டியது வேர்க்கழுத்து. தரையை ஒட்டி, மேலே பழுப்பாய் மெருகிட்டாற்போன்றும் அடியில் வெண்மையாகவும் மரம்போல் கடினமாகவும் ஒரு காளான் அரைவட்டத் தட்டாக முளைத்து, சுற்றிலும் கோகோப் பொடியின் நிறத்தில் தூள் படிந்திருந்தால், அது கானோடெர்மா. அது தோன்றும்போது பூசணம் வேரிலும் கழுத்திலும் பல ஆண்டுகள் வேலை செய்து முடித்திருக்கும். காளானைப் பிடுங்கி எறிவதனால் மரம் குணமாவதில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயலின்போது டெல்டா மாவட்டங்களிலும் எண்ணற்ற மரங்கள் வேரோடு சாய்ந்ததைக் கண்டவர்கள், அடிமரம் மாத்திரம் வைரமாயிருப்பது போதாது என்பதை அறிவார்கள். மரம் ஒரு பக்கம் சாய்ந்து, எதிர்ப்பக்கத்து மண் வெடித்திருந்தால், மற்றச் சோதனைகளுக்குக் காத்திராமல் மனிதரை அப்புறப்படுத்த வேண்டும்.

தென்னைக்கும் பனைக்கும் இந்தச் சாஸ்திரம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றுக்குக் கேம்பியம் இல்லை. ஆகவே காயத்தின் ஓரம் திரண்டு மூடுவதும் இல்லை. ஏறுவதற்காகத் தென்னையில் வெட்டிய படி, அந்த மரம் உள்ளளவும் வெட்டிய கோலத்திலேயே இருக்கும். தென்னையின் அடியில் செம்பழுப்பு நிறச் சாறு வடிந்தால், தஞ்சாவூர் வாடல் என்று பெயர் பெற்ற, அதே கானோடெர்மாவால் வரும் நோயைச் சந்தேகிக்க வேண்டும்.

எல்லாம் கண்டபின் முடிவு என்ன? மரம் விழும் வாய்ப்பு ஒரு புறமும், விழுந்தால் அதன்கீழ் யார், எது இருக்கும் என்பது மறுபுறமுமாகச் சேர்ந்ததே அபாயம். ஹௌராவின் சிப்பூர் தாவரத் தோட்டத்தில் உள்ள பெரிய ஆலமரம், 1864, 1867-ஆம் ஆண்டுப் புயல்களில் கிளை முறிந்து, காயங்களின் வழியே பூசணம் புகுந்து, அடிமரம் அழுகியபோது, 1925-இல் அந்த அடிமரத்தை மாத்திரம் அகற்றினார்கள். விழுதுகளின்மீது நின்று அம்மரம் இன்னும் வாழ்கிறது. மாமரத்துக்கு விழுதில்லை, ஆயினும் வெட்டுவதற்கும் விட்டுவிடுவதற்கும் இடையில் வழிகள் உண்டு. சுமையான கிளைகளை, அவற்றின் கழுத்து வீக்கத்தைக் காயப்படுத்தாமல், அளவாகக் குறைக்கலாம். ஆண்டுதோறும் மழைக்காலம் கழிந்தபின் அதே இடத்தில் நாடாவை வைத்து, புண்ணின் அகலம் குறைகிறதா என்று குறித்துவரலாம். ஓரங்கள் திரண்டு நெருங்கினால் மரம் வெல்கிறது, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் பட்டை இறந்தால் தோற்கிறது. இவையெல்லாவற்றுக்கும் முன்பாக, மரத்தடியில் இருக்கும் மாட்டுக்கொட்டகையையும், குழந்தைகளின் ஊஞ்சலையும், கயிற்றுக்கட்டிலையும் இருபது அடி தள்ளி வைத்துவிடலாம். அதற்கு ஒரு முற்பகல் போதும். விசாரணை முடியும்வரை, அதுவே மரத்துக்கும் மனிதருக்கும் ஒருங்கே கிடைக்கும் மலிவான ஜாமீன்.